ஹனோயில என்னை எல்லாரும் ‘ச்சி ஓய்’ எண்டு கூப்பிட்ட ஆறு கிழமை

கம்பஸில மூண்டாம் வருசம் முடிஞ்ச லீவில நான் வியட்நாமுக்கு வொலண்டியரா போட்டு வந்தனான். வந்த நாளில இருந்து ஜூனியர் பிள்ளையள் அதே கேள்வியளைத்தான் கேக்கினம், அக்கா எவ்வளவு முடிஞ்சது, வீட்டில எப்பிடி விட்டவை, சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள் எண்டு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் நோகுது, அதான் எழுதி விடுறன்.

முதல் காசு. நான் போனது ஐசெக் எண்டுற மாணவர் அமைப்பு மூலமா, அது 1948இல ஐரோப்பாவில தொடங்கினது, 18இல இருந்து 30 வயசு வரைக்கும் உள்ள ஆக்கள் போகலாம், வொலண்டியர் புரொஜெக்ட் எண்டா 6 தொடக்கம் 8 கிழமை. சம்பளம் இல்லை. ரிக்கெற், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் உங்கட கையால. நான் வெளிநாடு போறன் எண்டு கேள்விப்பட்ட ஒரு மாமி, மாசம் எவ்வளவு அனுப்புவாள் எண்டு அம்மாட்ட கேட்டவா, அம்மாவுக்கு வந்த கோவம் ரெண்டு நாளா அடங்கேல்ல.

வியட்நாமுக்கு 2023 ஓகஸ்ட் 15இல இருந்து எல்லா நாட்டு ஆக்களுக்கும் 90 நாள் வரைக்கும் ஈ-விசா குடுக்கினம், ஒருக்கா போய் வாறதுக்கு 25 டொலர். ஆனா நீங்கள் போற வேலைக்கு எந்த விசா சரி எண்டதை கூப்பிடுற ஆக்களிட்ட ஈமெயிலில கேட்டு எழுத்தில வாங்கிப்போட்டு ரிக்கெற் போடுங்கோ, போனில சொன்னதை நம்பி போடாதேங்கோ. இன்னொண்டு, எங்கட பேர். அப்பான்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு, பாஸ்போட்டில ஒரு மாதிரி கிடக்கும், நாங்கள் ஃபோமில வேற மாதிரி நிரப்புவம். நான் அப்பிடித்தான் மாத்தி அடிச்சு, 25 டொலரும் போய் திரும்ப முதல்ல இருந்து போட்டனான். பாஸ்போட்டை முன்னுக்கு வைச்சு எழுத்து எழுத்தா பாத்து அடியுங்கோ.

உடுப்பு விசயத்திலயும் நான் முட்டாள்தான். வியட்நாம் எண்டா எங்களை மாதிரி வெக்கை நாடு எண்டு நினைச்சு பருத்தி உடுப்பா அடுக்கிக்கொண்டு போனன். வருசம் முழுக்க வெக்கை தெற்கில, சைகோன் பக்கம். ஹனோய் வடக்கு, மார்கழி தையில 10, 12 பாகைக்கு இறங்கும், நான் இருந்த வீட்டில ஹீற்றரும் இல்லை, மாபிள் நிலம் வேற. முதல் இரவு மூண்டு சட்டையும் போட்டு அதுக்கு மேல துவாயையும் சுத்திக்கொண்டு படுத்தனான்.

இனி முக்கியமான கதைக்கு வாறன். அங்க போன முதல் கிழமை காணுற ஆக்கள் எல்லாம் உனக்கு என்ன வயசு எண்டுதான் கேக்கினம், கடைக்காரி, பக்கத்து வீடு, பள்ளிக்கூட வாசலில நிக்கிற ஐயா. எனக்கு எரிச்சலா வந்தது. பிறகுதான் விளங்கினது, அவையின்ர பாசையில நான், நீ எண்டு பொதுவா சொல்லுறது குறைவு, வயசு தெரிஞ்சாத்தான் என்ன முறை சொல்லி கதைக்கிறது எண்டு தெரியும். இளைய ஆள் எண்டா எம், அண்ணை எண்டா ஆன், அக்கா எண்டா ச்சி, அம்மம்மா எண்டா பா. எங்கட சந்தையில தங்கச்சி, பெத்தா, அன்ரி எண்டு கூப்பிடுற அதே சங்கதி. ஆளைக் கூப்பிடேக்க பின்னால ஒரு ‘ஓய்’ சேக்க வேணும், அது அவைக்கு அன்பாக் கூப்பிடுற மாதிரி. அப்ப நான் தங்கியிருந்த வீட்டு எட்டு வயசுச் சின்னன் காலமை எழும்பினோடன என்னை ‘ச்சி ஓய்!’ எண்டு கத்தும். யாழ்ப்பாணத்தில ஆரும் எனக்கு அப்பிடிச் சொல்லியிருந்தா நடக்கிறதே வேற. வணக்கம் சொல்லுறதும் ‘சாவ்’ எண்டு முடியும், வீடியோ கோலில அதைக் கேட்டிட்டு அம்மா, ‘ஏன் பிள்ளை அது சாவு சாவு எண்டுது’ எண்டு பயந்துபோனா.

போக முதல் இந்த முறைச்சொல்லுகளைப் பாடமாக்குங்கோ, இருபது சொல் காணும். இலக்கணம் எல்லாம் சும்மா, ராகம் பிழைச்சா சொல்லே மாறிப் போகும். நான் கடைக்கார மனிசியை முறை வைச்சுக் கூப்பிட்ட நாளில இருந்துதான் அவ எனக்கு நல்ல தோடம்பழமா பொறுக்கித் தந்தவா.

காசுத்தாளில கவனம். இருபதினாயிரம் டொங் தாளும் ஐந்து லட்சம் டொங் தாளும் ரெண்டும் நீலம். பெரிய தாள் கிட்டத்தட்ட 20 டொலர். ஒருநாள் இருட்டுக்க பாண் வாங்கிப்போட்டு பெரிய தாளைக் குடுத்திட்டு நடந்திட்டன், பின்னால இருந்து ‘எம் ஓய், எம் ஓய்’ எண்டு சத்தம், அந்த மனிசி தாளைத் தலைக்கு மேல ஆட்டிக்கொண்டு மோட்டர்சைக்கிளுகளுக்க ஓடி வருது. பிறகு பெரிய தாளை வேற பேசில வைச்சனான்.

படிப்பிச்சது சின்னனுகளுக்கு இங்கிலீஷ். அவங்கள் கடைசி எழுத்தை விழுங்குவாங்கள், ஹவுஸ் எண்டா ‘ஹவ்’. நாங்கள் கடைசியில ஒரு ‘உ’ சேப்பம். ரெண்டு பக்கமும் சிரிச்சு முடியத்தான் பாடம்.

சாப்பாடு நான் பயந்த அளவு இல்லை. மீன் சோஸ் மணம் கருவாட்டு மணம்தான், ரெண்டு நாளில பழகும். நான் வெள்ளி சைவம் எண்டதை எப்பிடிச் சொல்லுறது எண்டு கூச்சமா இருந்தது, ஆனா அந்த வீட்டு அம்மா சுவர்க் கலண்டரைக் காட்டி சந்திரமாசத்து முதலாம் நாளும் பதினைஞ்சாம் நாளும் தாங்களும் ‘சாய்’ எண்டு சொன்னா. அதாவது அமாவாசையும் பறுவமும் சைவம்! பிறகு வெள்ளிக்கிழமையளில எனக்கு மட்டும் தோபுவும் கீரையும் வரும். சாப்பிட முதல் இளைய ஆக்கள் மூத்த ஆக்களை ஒவ்வொருத்தரா முறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேணும், பிறகுதான் கை வைக்கலாம். இதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், பாத்துப் பழகுங்கோ. நான் அந்த வீட்டு அம்மம்மாவைச் சரியா கூப்பிட்ட அண்டைக்கு அவ தன்ர கோப்பையில இருந்த மீனை எடுத்து என்ர கோப்பையில வைச்சா. அண்டைக்கு வெள்ளி. ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டிட்டன்.

அந்தச் சின்னன் இப்பவும் வொய்ஸ் அனுப்பும், ‘ச்சி ஓய்’ எண்டுதான் தொடங்கும். எங்கட அம்மம்மா பக்கத்தில இருந்தா, ஆரடி உன்னைத் திட்டுறது எண்டு கேப்பா.