ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

பார்கோடில் விலை கிடையாது. அந்த 13 இலக்கங்கள் இது என்ன பொருள் என்று மட்டும்தான் சொல்லும். விலை கடையின் கணினியில் இருக்கிறது, ரேக்கில் ஒட்டிய சீட்டு தனியாக இருக்கிறது. மளிகைக் கடையில் இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததும், கை ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ரேக் ரேக்காக நடந்தேன்.

அதிகம் சிக்கியது முடிந்துபோன ஆஃபர் சீட்டுகள்தான். வழக்கமான ரேக்கில் சீட்டை மாற்றியிருப்பார்கள். வரிசை முனையில் அதே பொருளை அடுக்கிய இடத்தில் பழையது அப்படியே தொங்கும். அதனால் ஆஃபர் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக, எங்கெங்கே வைத்திருக்கிறோம் என்று எழுத ஆரம்பித்தோம்.

கடையிலேயே எடைபோட்டுக் கட்டும் பாக்கெட்டுகள் வேறு ரகம். தராசு அச்சிடும் பார்கோடு பெரும்பாலும் 2-இல் தொடங்கும், பல கடைகளில் விலையும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். கணினியில் என்ன மாற்றினாலும் நேற்றுக் கட்டிய பாக்கெட் நேற்றைய விலையைத்தான் சொல்லும். ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச் சீட்டு ஒட்டித்தான் ஆக வேண்டும்.

பெரிய நிம்மதி தந்தது, விலையை எங்கே முதலில் மாற்றுவது என்பதை முறைப்படுத்தியது. விலை ஏறினால் முதலில் ரேக் சீட்டு, அப்புறம் பில்லிங். இறங்கினால் முதலில் பில்லிங், அப்புறம் சீட்டு. இடைப்பட்ட நேரத்தில் வித்தியாசம் வந்தாலும் வாங்குபவருக்கு நஷ்டமில்லை. கணக்குப் போட்டுப் போட்டுக் கூடையில் வைப்பவரிடம், சீட்டில் காட்டியதைவிடக் கூடுதலாக வாங்குவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இப்போது கடை திறக்குமுன் அங்கங்கே 50 பொருள் எடுத்து ஸ்கேன் செய்கிறோம். அமெரிக்காவில் எடை, அளவு அதிகாரிகளுக்காக அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிடும் கையேடு 130 கேட்பது 98 சதவீதத் துல்லியம். அந்தக் கணக்கில் 50-க்கு ஒன்றுதான் தப்பலாம். குறைவாகப் பில் போட்டாலும் அங்கே அது பிழைதான். நாங்களும் அப்படியே எண்ணுகிறோம்.

கவுண்டரில் யாராவது "அங்கே வேற விலை போட்டிருந்ததே" என்றால், குறைந்த விலைக்கே பில் போட்டுவிட்டு காசாளர் பொருளின் பெயரைக் குறித்து வைப்பார். அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்ததும் ஒருவர் ரேக்குக்குப் போய்விடுவார், கடை மூடும் வரை காத்திருப்பதில்லை.