நீலமான தகடு, நீலமாகாத தகடு

முதுகலை இயற்பியல் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்காக, ஹைட்ரஜன் பட்டால் நீலமாகும் டங்ஸ்டன் ஆக்சைடு மென்படலத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அதனூடே செல்லும் ஒளியை அளந்து வாயுவை அறியும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. அப்படிப்பட்ட இடத்தில், மின்தடையை அளக்கும் வழக்கமான ஆக்சைடு உணரிகளைப் போல 200, 300 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பெரிய நன்மை.

டங்ஸ்டன் தூளை 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கரைக்கும்போது கலவை தானே சூடாகிப் பொங்கும் என்பதால், பீக்கரைப் பனிக்கட்டியில் வைத்துத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத்தான் சேர்க்க முடிந்தது. எஞ்சிய பெராக்சைடை நீக்கி, எத்தனால் சேர்த்து, தகட்டை வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் பூசி, 300 டிகிரியில் சூடேற்றினேன். ஐப்பசி மழைநாள்களில் பூசியவை பாலாடை படிந்ததுபோல் மங்கிப்போனதால், அவற்றைக் கழித்துவிட்டேன். பிறகு, எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் மாதிரிகளுக்கு உலோகம் பூசும் சிறு கருவியில், சில நானோமீட்டர் தடிமனுக்குப் பிளாட்டினம் ஏற்றினேன். அது இல்லாவிட்டால் அறை வெப்பநிலையில் எதுவும் நடக்காது. ஹைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிரித்து ஆக்சைடுக்குள் அனுப்புவது பிளாட்டினம்தான். உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் டங்ஸ்டன் அயனிகளில் ஒரு பகுதிக்கு எலெக்ட்ரான் தந்து ஒடுக்குவதால், படலம் சிவப்பொளியை உறிஞ்சி நீலமாகத் தெரிகிறது.

ஆர்கானில் 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவைத் திறந்ததும், பத்து எண்ணுவதற்குள் தகடு நீலமாகிவிட்டது; சிவப்பு எல்.இ.டி.க்கு எதிரே இருந்த ஒளியை அளக்கும் டையோடு காட்டிய அளவும் சரிந்தது. ஆனால் வெறும் ஆர்கானை அரை மணி நேரம் செலுத்தியும் நீலம் போகவில்லை. படலம் கெட்டுவிட்டதென்றே எண்ணியிருந்தேன். ஆய்வகத்தில் மூத்தவரான அண்ணன் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், தகடு இருந்த வாயுக் கலத்தின் மூடியைத் திறந்து வைத்தார். கண்ணெதிரே நிறம் வெளுத்தது. உள்ளே சென்ற ஹைட்ரஜனை நீராக்கி வெளியேற்ற ஆக்சிஜன் வேண்டும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும் நான் மறந்திருந்தேன்.

அதைவிட அதிக நாள்களைத் தின்றது வேறொரு சிக்கல். வாரம் ஒன்று ஆவதற்குள் நிறமாற்றம் மந்தமாகி, பிறகு நின்றே போனது. சிலிண்டர், எல்.இ.டி., குழாய் இணைப்பு என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஒருநாள் கலத்தைத் திறந்தபோது லேசாகப் புளித்த நெடி அடித்தது. கசிவை அடைக்க நானே தடவியிருந்த சிலிக்கோன் பசையின் வாடை அது. சிலிக்கோனிலிருந்து வெளிவரும் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே நாளில் பூசி, பெட்ரித் தட்டில் மூடி வைத்திருந்த இணைத் தகட்டைச் சோதித்தேன். அது முதல் நாள் போலவே நீலமானது.

கலத்தைப் புதிதாகச் செய்து, பசைக்குப் பதில் வைட்டான் என்ற செயற்கை ரப்பர் வளையம் போட்டேன். அதன்பின் இரண்டு மாதம் ஒரே தகட்டில் அளவெடுக்க முடிந்தது. கெட்ட தகடுகளை மீண்டும் 300 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட நீலமாகவில்லை.