பனி காயட்டும்

ஆடு வளர்ப்பவர்களுக்குக் கோடைதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். வேலூர் வெயிலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அணைக்கட்டுப் பக்கம் 12 வருடமாகச் செம்மறி மேய்க்கிற எனக்குப் பயமெல்லாம் கார்த்திகை, மார்கழியில்தான்.

கோடையில் ஏரி வற்றிவிடும், அறுத்த கழனி திறந்து கிடக்கும். புல் குறைவென்றாலும் கால் போன பக்கம் ஓட்டிப் போகலாம். ஐப்பசி மழை பெய்துவிட்டால் ஏரிக்குள் தண்ணீர், கழனியில் நெல். மிஞ்சுவது வரப்பும், கொல்லை மேடும், மலையடிவாரமும்தான். ஊரே பச்சையாக இருக்கும், மேய இடம் இருக்காது. அந்தக் கொஞ்ச இடத்திலேயே தினமும் விட்டால், புழுக்கை போட்ட இடத்திலேயே ஆடு திரும்ப வாய் வைக்கும்.

முதல் வருடம் காலை 6 மணிக்கே பட்டியைத் திறந்துவிட்டேன். இளம்புல்லை ஆசையாகத் தின்றன. பக்கத்துக் கொல்லைப் பெரியவர், "இன்னா தம்பி, பனிப்புல்லுல விட்டுக்கினு கீறே? பனி காயட்டும்பா" என்றார். நான் காதில் வாங்கவில்லை. தை பிறப்பதற்குள் 4 குட்டிகள் செத்தன. ஒரு தாயாட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கியது. கால்நடை மருத்துவர் அதன் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் குடிக்கும் புழு.

புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் பொரித்து, தொற்றும் அளவுக்கு வளர்ந்துவிடுமாம். புல்லில் படிந்த ஈரத்தில்தான் அந்த இளம்புழு மேலே ஏறும். அதிலும் பெரும்பாலும் அடிப்புல்லில்தான் இருக்கும். பெரியவர் புழுவைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னது அதைத்தான்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். பட்டி திறப்பது 9 மணிக்கு மேல்தான். அதற்கு முன் காய்ந்த கடலைக்கொடி கொஞ்சம் போடுவேன். வெறும் வயிற்றோடு இளம்புல்லில் பாய்ந்தால் வயிறு உப்பும். ஆட்டைத் திடீரென்று சாகடிக்கும் துள்ளுமாரி நோயும் இப்படிப் பட்டென்று தீனி மாறும்போதுதான் வரும், அதற்கு மழைக்கு முன்பே தடுப்பூசி. ஒரே துண்டு நிலத்தில் 5 நாளுக்கு மேல் மேய விடுவதில்லை, மேய்ந்த இடத்துக்குத் திரும்ப ஒரு மாதமாவது ஆக வேண்டும். புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்தால் ஓட்டிவிடுவேன். ஏரி ஓரச் சேற்றுப் பக்கம் போவதே இல்லை. அங்கே நத்தை இருக்கிறது, அதன் வழியாகக் கல்லீரலில் தட்டைப்புழு வரும். வாரம் ஒருமுறை இமை பார்ப்பேன், வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லா ஆட்டுக்கும் சும்மா சும்மா ஊற்றினால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

இதில் பெரிய கஷ்டம் காலை 7 மணிக்கு வரும். பசியில் எல்லாம் பட்டி வாசலில் முட்டிக்கொண்டு கத்தும். மனசு கேட்காது. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நாலு அடி நடந்து பார்ப்பேன். பாதம் நனைந்தால், இன்னொரு கட்டு கடலைக்கொடி.