சார்ஜருக்கு ஃபர்ம்வேர் ஏற்றப் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பேட்டரி சார்ஜரை உள்ளிருந்து இயக்கும் புரோகிராமான ஃபர்ம்வேருக்கு வந்த அந்த அப்டேட் எனக்கு அவசியமே இல்லை. ட்ரோனில் போடும் சாதாரண லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் நிறைந்தால் 4.20 வோல்ட். அதிலேயே லிஹெச்வி என்று ஒரு வகை உண்டு, அது 4.35 வரை தாங்கும். அந்த வகையில் நாலு செல் பேட்டரி இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சார்ஜரின் மெனுவில் லைபோ இருக்கிறது, லைஃபே இருக்கிறது, லெட் ஆசிட் கூட இருக்கிறது, லிஹெச்வி மட்டும் இல்லை. புது ஃபர்ம்வேரில் சேர்த்திருக்கிறார்களாம். லைபோ என்றே வைத்து 4.20-இல் நிறுத்தினால் பேட்டரிக்கு ஒரு கெடுதலும் கிடையாது. கொஞ்சம் குறைவாக நிறையும், அவ்வளவுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய 0.15 வோல்ட்டை விட மனசு வரவில்லை.

செய்முறை காகிதத்தில் நாலே வரி. சார்ஜரின் சக்கரப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைச் செருக வேண்டும். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டிரைவ் தெரியும். அதில் ஃபைலைப் போட வேண்டும். முடிந்தது. நானும் அழுத்திப் பிடித்துச் செருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது, கம்ப்யூட்டரில் டிரைவ் வரவில்லை. புதிதாக ஏதாவது செருகினால் விண்டோஸ் போடும் அந்த ‘டிங்’ சத்தம் கூட இல்லை.

அன்று ராத்திரி முழுக்க நான் குற்றம் சாட்டியது டிரைவரை, அதாவது செருகிய கருவியை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் மென்பொருளை. கண்ணில் பட்ட டிரைவரை எல்லாம் இறக்கி நிறுவினேன், லேப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன், போர்ட்டை மாற்றினேன். மறுநாள் ட்ரோன் பறக்கவிடும் மைதானத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, கேபிளை மாத்திப் பாத்தியா?”

சார்ஜருக்கு வேண்டியது மைக்ரோ யுஎஸ்பி. இப்போது போன் எல்லாம் டைப்-சி ஆகிவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் மைக்ரோ யுஎஸ்பி கேபிள்கள் எங்கிருந்து வந்தவை என்று யோசித்தால் விஷயம் புரியும். ஒன்று பவர் பேங்க்கோடு வந்தது, இன்னொன்று ட்ரிம்மரோடு. இரண்டும் கரன்ட் கொடுக்க மட்டும் செய்யப்பட்டவை. நம்பிக்கை வராமல் ட்ரிம்மர் கேபிளைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். தகவல் போக வேண்டிய பச்சையும் வெள்ளையும் உள்ளே இல்லவே இல்லை. டிரைவர் என்ன செய்யும், பாவம். பழைய டிஜிட்டல் கேமராவின் பையிலிருந்து ஒரு கேபிளைத் தேடி எடுத்துச் செருகியதும் ‘டிங்’.

டிரைவ் வந்தது. ஃபைலைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி ஆன் செய்தேன். அதே பழைய வெர்ஷன் எண். இன்னொரு முறை போட்டாலும் அதே எண்தான். இந்த இடத்தில் கேபிள் விஷயத்தை விடச் சின்ன ஒன்று மறைந்திருந்தது. முந்தின ராத்திரி கோபத்தில் அதே ஃபைலை இரண்டு முறை டவுன்லோட் செய்திருந்தேன். பிரௌசர் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிட்டது. நான் காப்பி செய்தது அதைத்தான். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன புரோகிராம் குறிப்பிட்ட ஒரு பெயரை மட்டுமே தேடுகிறது. பெயர் ஓர் எழுத்து மாறினாலும் சத்தமே போடாமல் விட்டுவிடுகிறது. ‘ஃபைல் சரியில்லை’ என்று ஒரு வரி திரையில் எழுத என்ன கேடு?

பெயரைத் திருத்திப் போட்டேன். காப்பி ஆகும் பச்சைக்கோடு ஓடி மறைந்தது. முடிந்துவிட்டது என்று கேபிளை உருவினேன். அதோடு திரை கறுத்துப் போனது. எக்ஸ்டி60 என்ற பவர் கனெக்டர் வழியாக 24 வோல்ட் சப்ளை கொடுத்துப் பார்த்தேன். உயிர் இல்லை. விண்டோஸ் தன் வேலையை முடித்துவிட்டாலும் சார்ஜர் இன்னும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் நடுவில் பிடுங்கிவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பதறவே இல்லை அவர். சார்ஜரின் சிப்பில் ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கென்று பூட்லோடர் என ஒரு சின்ன புரோகிராம் தனியாக உட்கார்ந்திருக்கும். நாம் ஏற்றும் ஃபைல் அதைத் தொடாது. மெனு, வரைபடம், சார்ஜ் செய்யும் பகுதி இவைதான் அழிந்து புதிதாக எழுதப்படும். பாதியில் நின்றாலும் பூட்லோடர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். “திரையைப் பாக்காத. பொத்தானைப் பிடிச்சுக்கிட்டு சொருகு, கம்ப்யூட்டரைப் பாரு.” அப்படியே செய்தேன். திரை கறுப்பாகவே இருக்க, லேப்டாப்பில் மட்டும் டிரைவ் வந்து நின்றது. ஃபைலைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்துக்குள் சார்ஜர் தானாகவே பீப் என்று எழுந்தது. புது வெர்ஷன், மெனுவில் லிஹெச்வி.

இதுவரை எந்தக் கட்டத்திலும் சார்ஜரில் பேட்டரி மாட்டியிருக்கவில்லை. அப்டேட் பாதியில் நிற்கும்போது வெளியே கரன்ட் விடும் பகுதி எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஒன்றில் மட்டும் முதலிலிருந்தே சரியாக இருந்திருக்கிறேன்.

கறுத்த திரையை விட என்னைப் பயமுறுத்தியது இதற்கு அப்புறம் வந்ததுதான். சோதனைக்காகப் பழைய நாலு செல் லைபோ ஒன்றை மாட்டினேன். முதல், இரண்டாவது, நாலாவது செல்கள் 3.85. மூன்றாவது மட்டும் 3.80. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, வாங்கிய புதிதை மாட்டினேன். அதிலும் மூன்றாவது செல்தான் 0.05 குறைவு. இரண்டு பேட்டரிக்கும் ஒரே செல்லில் ஒரே அளவு நோய் வருமா? கோளாறு சார்ஜரில். ஒவ்வொரு செல்லுக்கும் தொழிற்சாலையில் பதிந்து கொடுத்த திருத்த அளவு அப்டேட்டில் அழிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சார்ஜர் குறைவாகக் காட்டுவதுதான் ஆபத்து. 4.35 வந்துவிட்டது என்று அது நிறுத்தும்போது நிஜத்தில் அந்த செல் 4.40-இல் இருக்கும். தாங்கும் எல்லைக்கு மேல் ஏற்றிய லித்தியம் பேட்டரி என்ன செய்யும் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

செட்டிங்ஸில் அளவைத் திருத்த காலிபரேஷன் என்று ஒரு பக்கம் இருந்தது. மல்டிமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் அளந்து அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். என்னிடம் இருந்தது கடைகளில் தொங்கும் மஞ்சள் மீட்டர். அதன் அட்டையை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். பிழை அரை சதவீதம், அதற்கு மேல் கடைசி இலக்கத்தில் இரண்டு. 4.20 வோல்ட்டில் அரை சதவீதம் என்றால் 0.021. 20 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் 0.01, அதில் இரண்டு என்றால் 0.02. ஆக மொத்தம் 0.04 வோல்ட் வரை மீட்டரே பொய் சொல்லலாம். நான் பிடிக்க நினைத்த திருடன் 0.05. இந்த மீட்டரை வைத்துத் திருத்தினால் ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த கதையாகும்.

மறுபடியும் அண்ணன். அவர் நல்ல மீட்டரும், தீப்பெட்டி அளவில் ஏடி584 சிப் வைத்த ஒரு போர்டும் கொண்டுவந்தார். 2.5, 5, 7.5, 10 என நாலு வோல்ட்டேஜைத் துல்லியமாகக் கொடுக்கிற போர்டு. முதலில் மீட்டரை அதில் பரிசோதித்துவிட்டுத்தான் பேட்டரிப் பக்கம் போனோம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜரோடு இணைக்கும் பேலன்ஸ் வயரின் வெள்ளைக் கனெக்டரில் ஊசிக்கு ஊசி இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. மீட்டரின் முனை கொஞ்சம் சறுக்கினால் இரண்டு ஊசியும் சேர்ந்து பொறி பறக்கும். அண்ணன் இரண்டு முனையிலும் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றினார். கறுப்பு வயரிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த ஊசிகளுக்கு நடுவே அவர் அளந்து சொல்ல, நான் சார்ஜரில் எண்ணைப் போட்டேன். மூன்றாவது செல் வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

முதல் சார்ஜ் மொட்டைமாடியில், மணல் போட்ட மண்சட்டியில். 1500 எம்ஏஹெச் பேட்டரிக்கு ஒன்றரை ஆம்பியர். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் மீட்டரில் நாலு செல்லும் 4.34, 4.35 என்று வந்தன. அதற்குப் பிறகு லிஹெச்வியைக் கூட 4.30-இல்தான் நிறுத்துகிறேன். இவ்வளவு பாடுபட்டும் அந்த 0.15-ஐ முழுசாக வாங்கிக்கொள்ள இப்போது தைரியம் வரவில்லை.

போன வாரம் அடுத்த ஃபர்ம்வேர் வந்திருக்கிறது. ஃபேன் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்களாம். என் ஃபேன் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.