மஞ்சள், சுண்ணாம்பு, துருசு: வகுப்பறையில் மாற்றங்களைச் செய்து பார்க்க

"மீண்டால் இயற்பியல் மாற்றம், மீளாவிட்டால் வேதியியல் மாற்றம்." பிள்ளைகள் தேர்வுக்காக உருப்போடும் வரி இது. பனிக்கட்டியை உருக்கி, காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இந்த வரி முழு உண்மை போலவே தெரியும். அது உடைகிற இடத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்பு இல்லாத பொருள் ஏதாவது இப்போது இருக்கிறதா?

மஞ்சளில் தொடங்கலாம். 100 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். அதில் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு பயறு அளவு கரைத்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு வந்துவிடும். உடனே எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சள். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின், சுண்ணாம்பு போன்ற காரத்தில் ஹைட்ரஜனை இழக்கிறது, அமிலத்தில் திரும்பப் பெறுகிறது. வேதியியல் மாற்றம்தான், ஆனாலும் மீள்கிறது. எலுமிச்சை பிழியத் தாமதிக்கக் கூடாது. காரத்தில் ஊறினால் குர்க்குமினே சிதையத் தொடங்கி, பழைய மஞ்சள் முழுதாக வராது.

அடுத்தது சுண்ணாம்புத் தெளிநீர். சோழவந்தான் வெற்றிலை விற்கிற கடையிலேயே சுண்ணாம்பும் கிடைக்கும். ரோஸ் நிறம் கலந்தது வேண்டாம், வெள்ளையாக வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு டீஸ்பூன் சுண்ணாம்பு போட்டு, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, குலுக்கி, இறுக மூடி இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கரையும். வெந்நீரில் இன்னும் குறைவாகவே கரையும், அதனால் சூடாக்கிப் பயனில்லை. போர் தண்ணீர் ஊற்றினால், அதிலிருக்கும் பைகார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்து அப்போதே கலங்கிவிடும். கொதிக்கவைத்து ஆறிய கேன் தண்ணீர் நல்லது. மேலே ஆடை கட்டியிருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடையைக் கலக்காமல் அடியிலிருந்து சிரிஞ்சால் எடுங்கள்.

50 மி.லி. தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதினால் பால் போல் வெளுக்கும். அது கால்சியம் கார்பனேட். தொடர்ந்து ஊதினால் மறுபடி தெளியும் என்று சொல்லித் தருகிறோம். பிள்ளை மூச்சு முட்ட ஊதியும் தெளிவதில்லை. குறை பிள்ளையிடம் இல்லை. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம்தான். முழுச் செறிவுள்ள தெளிநீரில் உண்டாகும் அவ்வளவு கார்பனேட்டையும் கரைக்க அது போதாது. தெளிநீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்து, ஆப்பசோடாவும் வினிகரும் தரும் வாயுவைக் குழாய் வழியே செலுத்துங்கள். முதலில் வெளுக்கும், பிறகு தெளியும். தெளிந்ததைக் கொதிக்கவைத்தால் திரும்பவும் கலங்கும். மதுரை வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் இதே வினையால் வந்ததுதான். ஊதுகிறவர் உறிஞ்சிவிடக் கூடாது. கண்ணாடி அணிவது கட்டாயம், சுண்ணாம்பு கண்ணை அரிக்கும்.

இதே தெளிநீரில் கோலி சோடாவின் வாயுவை விட்டாலும் வெளுக்கும். அப்படியானால் சோடா நுரைப்பதும் வேதியியல் மாற்றமா? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். சோடாவில் வாயு முன்பே கரைந்திருந்தது, மூடியைத் திறந்ததும் வெளியேறுகிறது. வினிகரிலோ ஆப்பசோடாவிலோ அது வாயுவாக இருக்கவே இல்லை. குமிழி வந்தாலே வேதியியல் மாற்றம் என்று எழுதினால் மதிப்பெண் தராதீர்கள்.

நிறை மாறாது என்று காட்ட இதையே பலூனில் செய்கிறவர்கள் உண்டு. 40 மி.லி. வினிகர் (4 சதவீதம்), பலூனுக்குள் 2 கிராம் ஆப்பசோடா. அரை லிட்டருக்குச் சற்று மேல் வாயு வரும். வாய் இறுகக் கட்டியிருந்தும் தராசு அரை கிராம் அளவு குறைத்துக் காட்டும். பலூன் கசிகிறது என்று பழி போடுவார்கள். உண்மையில், ஊதிய பலூன் விலக்கிய காற்றின் மிதப்பு விசை அது. நிறைக்கு வேறு சோதனை நல்லது: தெளிநீரையும் சலவைச் சோடாக் கரைசலையும் தனித்தனிக் குவளைகளில் சேர்த்து எடைபோட்டு, ஒன்றை இன்னொன்றில் ஊற்றி, காலிக் குவளையோடு மறுபடி எடைபோடுங்கள். வெள்ளை வீழ்படிவு வரும், வாயு வராது, எடை அப்படியே இருக்கும்.

கடைசியாகத் துருசு, அதாவது மயில்துத்தம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 5 கிராம் பொடித்து, உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் மெல்லச் சூடாக்குங்கள். குழாயின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கட்டும். வாயருகே துளிர்க்கும் நீர் சூடான அடிப்பக்கம் ஓடினால் கண்ணாடி கீறிவிடும். நீலம் வெளுத்து, ஐந்து கிராம் 3.2 கிராம் ஆகும். போனது முழுக்கத் தண்ணீர். ஆறிய பிறகு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும், குழாயும் சூடேறும். அந்தச் சூட்டைப் பிள்ளைகள் வெளிப்புறம் தொட்டுப் பார்க்கட்டும். அவசரப்பட்டுக் கடுமையாகச் சூடாக்கினால் துருசே சிதைந்து கறுக்கும், நெடியான வாயுவும் வரும். அதன்பின் நீர் விட்டாலும் நீலம் சரியாக வராது.

துருசு விஷம். மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். துத்தநாகம் பூசாத இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்து அதில் போட்டு வையுங்கள். கால் மணி நேரத்தில் ஆணி செம்பழுப்பாகும். நீலம் முழுக்கப் போகச் சில நாள் ஆகலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் இதற்கு உதவாது. படிந்த செம்பை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீர் கலந்து கொட்டலாம்.