நகலின் கடைசிப் பக்கம்: 9 நாள் தாமதத்தில் சிக்கிய எங்கள் மேல்முறையீடு

அம்மாவின் பெயரில் நடந்துவந்த நில வழக்கை, 2024 நவம்பர் 8 வெள்ளிக்கிழமையன்று மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடலூர் மாவட்டத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்பது இங்கே வேண்டாம். தீர்ப்பின் நகல் தரும் நகல் பிரிவில் பட்ட பாட்டைச் சொல்ல வந்தவன் எவரையும் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. வழக்கில் தோற்றதை அம்மா இரண்டே நாளில் செரித்துக்கொண்டார். மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யப் பட்ட அலைச்சலைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

வழக்கு சிறியது. தாத்தா கிரயம் வாங்கிய முந்திரிக்காட்டில் 14 சென்ட், 1980களின் யூ.டி.ஆர். எனும் நில ஆவணப் புதுப்பிப்புப் பதிவில் பக்கத்து நிலக்காரரின் பட்டாவுக்குள் போய்விட்டது. அவர் அளந்து கல் நட வந்தபோது நாங்கள் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது அவரைத் தடுக்கும் தடையாணை, மட்டும் கேட்டு வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு எங்கள் உரிமையையே மறுத்துப் பதிலுரை தாக்கல் செய்த பிறகாவது, நிலம் எங்களுடையது என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகையையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். உரிமை கடுமையான தகராறில் இருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது என்று அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செலவைக் குறைக்கிறோம் என்ற பெயரில் அதைத் தவிர்த்தோம். விளம்புகை கேட்டால் நிலத்தின் சந்தை மதிப்பை வைத்து நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் 2017-லேயே 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை யாரும் எங்களுக்கு நினைவூட்டவில்லை.

அடுத்த மேல்நிலையான சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்படும் நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு கழித்துவிடும். எனவே நகல் எப்போது கிடைக்கிறதோ அப்போதிலிருந்துதான் 30 நாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தவறு அதுதான். நகல் கேட்டு மனுப் போட்ட நாளிலிருந்துதான் கழிவு தொடங்குகிறது. மனுப் போடுவதற்கு முன் நாம் சும்மா இருந்த நாட்களும், அந்த நாட்களில் தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவை மட்டும் முறைப்படி எழுதும் ஆவணம்) எழுதி முடிக்கப்படாமல் கிடந்ததும்கூட, நம் கணக்கில்தான் ஏறும். அந்தப் பிரிவின் விளக்கவுரையே இதைச் சொல்கிறது. எங்கள் வழக்கறிஞரின் குமாஸ்தா, "தீர்ப்பாணை இன்னும் ரெடியாகலை சார், இப்ப மனு போட்டு என்ன செய்ய?" என்று சொல்லிச் சொல்லி, நவம்பர் 20-ஆம் தேதிதான் மனுவைப் போட்டார். தீர்ப்பாணைக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு, மேல்முறையீட்டுடன், காரணங்களோடு நீதிபதி எழுதிய தீர்ப்புரையின் நகலை இணைத்தாலே போதும் என்பதுதான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 1. இதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தி.

மனுப் போட்டால் நகல் தானாக வந்துவிடாது. எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு, அதற்குரிய நகல் முத்திரைத் தாள்களைக் கேட்டு, மனு எண்களின் பட்டியலை நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நாம்தான் போய்ப் பார்த்து, குறித்த நாளுக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள், கடிதமும் வராது. எங்கள் எண் நவம்பர் 28-ஆம் தேதி பலகையில் ஏறியது. குமாஸ்தா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் புகுந்தது. ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் முழங்காலளவு தண்ணீர். அம்மாவையும், நனையாமல் தூக்கிப் பரணில் போட்ட வழக்குக் கட்டையும் தவிர, எதைப் பற்றியும் அந்த வாரம் நினைக்க முடியவில்லை.

டிசம்பர் 10 அன்று நகல் பிரிவுக்குப் போனேன். அலுவலர் பதிவேட்டைப் புரட்டி, "தாள் போடலையே, தள்ளுபடி ஆயிடுச்சு" என்றார். வெள்ளத்தைச் சொன்னேன். "வெள்ளம் உங்களுக்கு மட்டுமா சார்? போர்டைப் பார்த்தீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து வந்து வராந்தாவில் இருந்த பலகையையும் காட்டினார். மழைச் சாரலில் மை கரைந்து, மூலையில் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தாளில், எங்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அவரைக் குறை சொல்வதற்கு வழியில்லை என்பதே எரிச்சலை அதிகமாக்கியது. புது மனு எழுதிக் கொடுத்தேன். முத்திரை வில்லை ஒட்டவில்லை என்று அதையும் திருப்பினார். மறுநாள் 11-ஆம் தேதி மீண்டும் ஒரு பயணம். இந்த முறை மூன்று நாளுக்கு ஒரு தடவை நானே போய்ப் பலகையைப் பார்த்தேன். 2025 ஜனவரி 3 வெள்ளியன்று நகல் தயாரானது. திங்கட்கிழமை 6-ஆம் தேதி கையில் வாங்கினேன். 10-ஆம் தேதி மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தோம்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். மனுத் தாக்கலான நாள், தாள்கள் கேட்கப்பட்ட நாள், தாள்கள் கொடுக்கப்பட்ட நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கப்பட்ட நாள் என்று வரிசையாகத் தேதிகள் நிரப்பப்பட்டிருக்கும். தீர்ப்பின் 31 பக்கங்களை நான் நான்கு முறை படித்தேன். இந்த ஐந்து வரிகளை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. எங்கள் வழக்கறிஞரின் ஜூனியர், நகலை நாங்கள் வாங்கிய 6-ஆம் தேதி வரை கழித்து, தாமதம் 6 நாள் என்று, அதைப் பொறுத்தருளக் கேட்கும் மனுவில் எழுதினார். கழிவு நகல் தயாரான நாளோடு முடிந்துவிடுகிறது. அதை வாங்காமல் விட்ட 4, 5, 6 தேதிகள் எங்கள் தலையில்தான். தள்ளுபடியான முதல் நகல் மனுவின் நாட்களையும் நீதிமன்ற அலுவலகம் ஏற்கவில்லை. நவம்பர் 9 முதல் டிசம்பர் 10 வரை 32 நாள், ஜனவரி 4 முதல் 10 வரை 7 நாள், மொத்தம் 39. தாமதம் 9 நாள். மூன்று நாள் வித்தியாசத்துக்காக மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. திருத்தி மறுதாக்கல் செய்வதற்கும் ஒரு கெடு உண்டு, அது தவறினால் அதற்கும் தனியாக ஒரு தாமத மனு வேண்டும் என்று குமாஸ்தா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தது பிப்ரவரியில் அடங்கியது. வழக்கு தள்ளுபடியானதும் நடுவில் பெற்றிருந்த தற்காலிக உறுத்துக்கட்டளையும் போய்விட்டது. தாமதம் பொறுக்கப்படும் வரை மேல்முறையீட்டுக்கு எண் கிடைக்காது. எண் இல்லாததால் புதிய தடைக்கு மனுவும் எடுபடவில்லை. அந்த இடைவெளியில் பக்கத்து நிலக்காரர் 14 சென்ட்டைச் சுற்றிக் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, உள்ளே நின்ற இரண்டு முந்திரி மரங்களில் பூவோடு கிளைகளைக் கழித்துப் போட்டார். 9 நாள் தாமதத்தின் விலை என்னவென்று அன்று நேரில் பார்த்தேன்.

தாமத மனு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பதாபதி சுப்பா ரெட்டி வழக்கில் 2024 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நீட்டினார். தாராளமாக நடந்துகொள்வது என்ற பெயரில் காலவரையறைச் சட்டத்தையே தோற்கடித்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். எங்கள் வழக்கறிஞர் அமைதியாக எழுந்து, அந்த வழக்கில் தாமதம் 5,659 நாள் என்பதை மட்டும் சுட்டிக்காட்டினார். பிறகு 4 நாள் தாமதத்தைப் பொறுத்த 1987-ஆம் ஆண்டின் அனந்தநாக் நில எடுப்பு வழக்கை வைத்தார். தீர்ப்புகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் நாட்கணக்கை விட்டுவிடுவது வழக்கம். கேட்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். 2025 செப்டம்பரில் கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் 3,966 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் பொறுத்ததையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கம்பெனி திவால் வழக்குகளில் நிலைமை இன்னும் கறார்: 30 நாளுக்கு மேல் 15 நாள் மட்டுமே பொறுக்க முடியும்; சான்றிட்ட நகலுக்கு மனுவே போடாதவர், நகல் வரவில்லை என்று காரணம் சொல்ல முடியாது என்று 2021 அக்டோபரில் நாகராஜன் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அதைப் படித்தபோது எங்கள் குமாஸ்தாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளத்துக்குச் சான்றாகக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், ரேஷன் கடையில் வாங்கிய வெள்ள நிவாரணத்தின் விவரமும், தேதியோடு எடுத்த இரண்டு படங்களும் இணைத்தோம். ஏப்ரலில், எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தாமதம் பொறுக்கப்பட்டது. ஒரு வாரக் கெடு. நான் அன்று மாலையே கொடுத்து ரசீது வாங்கினேன். எண் கிடைத்தது, தற்போதைய நிலை தொடர வேண்டும் என்ற உத்தரவும் கிடைத்தது. முள்கம்பி அப்படியே நின்றது.

மேல்முறையீட்டில் புதிய ஆவணம் வைப்பது எளிதன்று. கீழமை நீதிமன்றத்திலேயே ஏன் வைக்கவில்லை என்பதற்கு நேர்மையான பதில் இருந்தால்தான் கட்டளை 41 விதி 27 உதவும். எங்களிடம் இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் விழுந்த முந்திரி மரங்களுக்கு நிவாரணம் தர எடுத்த கணக்கெடுப்பில், அந்த இடத்து மரங்கள் அப்பாவின் பெயரில் பதிவாகியிருந்தன. விசாரணை நடந்தபோதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டிருந்தோம். பதில் வந்தது தீர்ப்புக்குப் பிறகு. விண்ணப்பித்த நாளின் அஞ்சல் ரசீதை அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தோம். விளம்புகையையும், நிலத்தைத் திரும்ப எங்கள் வசம் தரும் சுவாதீனத்தையும் சேர்த்து வழக்குரையைத் திருத்தவும் மனுப் போட்டோம்.

நவம்பரில் சார்பு நீதிமன்றம் திருத்தத்தை அனுமதித்து, கணக்கெடுப்பு ஆவணத்தை ஏற்று, கீழமை நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. வென்றோம் என்று சொல்ல முடியாது. முதல் படிக்கே திரும்பியிருக்கிறோம், இந்த முறை சரியான பரிகாரத்தைக் கேட்டுக்கொண்டு. மறுவிசாரணைக்கு அனுப்பிய உத்தரவை எதிர்த்து அவர்கள் உயர் நீதிமன்றம் போகலாம் என்பதால், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே போடும், 90 நாள் செல்லுபடியாகும் கேவியட் மனுவுக்கு அன்றே வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார் வழக்கறிஞர்.

தீர்ப்பு வாசித்து முடித்தபோது மணி பன்னிரண்டேகால். குமாஸ்தா தேநீருக்கு அழைத்தார். நான் நகல் பிரிவு வரிசையில் நின்று, முத்திரை வில்லை ஒட்டிய மனுவைக் கொடுத்து, எண்ணை வாங்கிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் போனேன். ஆறாம் நாள் காலை பலகையில் எங்கள் எண் இருந்தது. பதினொரு மணிக்குள் தாள்களைக் கொடுத்துவிட்டேன். நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். தாள்கள் கேட்ட நாளும் கொடுத்த நாளும் ஒரே தேதி.