ஓர் எலக்ட்ரானைப் பின்தொடர்ந்து படித்தேன்: ஹைட்ரஜனேஸ் எனக்குக் கற்றுக்கொடுத்த விதம்

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி செமஸ்டர் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கார்பன் மோனாக்சைடும் சயனைடும் விஷம். ஒரு பாக்டீரியா அவற்றைத் தன் நொதியின் நடுவில் எதற்காக வைத்திருக்கிறது?"

ஹைட்ரஜனை உண்டாக்கவும் உடைக்கவும் செய்யும் நொதியான ஹைட்ரஜனேஸ் பற்றி ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். அந்த இரண்டையும் படத்தில் என் கையாலேயே வரைந்தும் இருந்தேன். பதில் மட்டும் வரவில்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தலைப்பை எடுத்துப் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். வெறும் இரும்புக்கு ஹைட்ரஜனைக் கையாளும் திறன் குறைவு. இந்த இரண்டு ஈனிகளும் (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) இரும்போடு இறுகப் பிணைந்து, அதைக் குறைசுழற்சி நிலையிலும் (எலக்ட்ரான்கள் இயன்றவரை இணைசேர்ந்திருக்கும் நிலை) தாழ்ந்த ஆக்சிஜனேற்ற எண்ணிலும் நிறுத்துகின்றன. அப்போதுதான் மலிவான இரும்பு, இந்த வினைக்குச் சிறந்த வினையூக்கியான பிளாட்டினத்தின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. வினை மையத்தில் இரண்டு இரும்பு அணுக்கள் கொண்ட இரட்டை இரும்பு வகை நொதியில், செல் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இந்த இரண்டையும் தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியே திரிந்தால்தான் விஷம்; இரும்போடு கட்டுண்டு இருக்கும்போது அது கருவி. இதை அறிந்த அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு படிக்கும் முறையையே மாற்றினேன். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஓர் எலக்ட்ரான் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டே போனேன். இரண்டு புரோட்டானும் இரண்டு எலக்ட்ரானும் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. வினை அவ்வளவுதான். பி.எச். 7-இல் இதன் மின்னழுத்தம் சுமார் -0.41 வோல்ட், நீர் ஆக்சிஜனாவதற்கு +0.82 வோல்ட். நீரைப் பிரிக்கத் தேவைப்படும் இந்த இடைவெளி 1.23 வோல்ட். அதை இரண்டு எலக்ட்ரானாலும் ஃபாரடே மாறிலியாலும் (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம்) பெருக்கினால் ஒரு மோலுக்கு 237 கிலோஜூல். இந்தக் கணக்கைப் புத்தகம் பார்க்காமல் போட முடியாதவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.

வினையூக்கியால் இந்த 1.23-ஐக் குறைக்க முடியாது. அதற்கு மேல் நாம் வீணாகக் கொடுக்கும் மிகை மின்னழுத்தத்தைத்தான் குறைக்க முடியும். இதை எனக்குப் புரிய வைத்தவர் வேதியியல் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா. "கார்பன் மின்வாயில் மின்னோட்டம் எங்கே எழுகிறது, பிளாட்டினத்தில் எங்கே எழுகிறது, நீயே பார்" என்று மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் காட்டினார். பிளாட்டினத்தில் சமநிலை மின்னழுத்தத்தை ஒட்டியே கோடு எழுந்துவிட்டது. கார்பனில் வெகுதூரம் தள்ளித்தான் எழுந்தது. கார்பன் மின்வாயில் ஹைட்ரஜனேஸை ஒட்டவைத்தால், கோடு பிளாட்டினத்தின் இடத்துக்கே நகர்ந்து வருகிறது. உயிரியல் மாணவர்கள் துறையின் வாசலைத் தாண்டிப் போய்க் கேட்டால்தான் இது கிடைக்கும்.

நொதி இரு திசையிலும் வேலை செய்யும் என்பதை எனக்குப் புரியவைத்தது கண்மாய். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாய்ச் சேற்றில் கால் வைத்தால் குமிழ் கிளம்பும். அதில் பெரும்பகுதி மீத்தேன். சேற்றுக்குள் ஒருவகை பாக்டீரியா அழுகும் இலைதழையை நொதிக்கச் செய்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர் அதை உடனே எடுத்துக்கொள்கிறது. கொடுப்பதும் ஹைட்ரஜனேஸ், வாங்குவதும் ஹைட்ரஜனேஸ். இந்த நொதிக்கு 1931-இல் பெயர் வைத்தவர்கள் உயிர்வேதியியலாளர்களான மார்ஜரி ஸ்டீஃபன்சனும் ஸ்டிக்லண்டும். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நம் கண்மாயில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆய்வேட்டின் முன்னுரை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 19,744 கோடி ரூபாய், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு: இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், விளம்பரம் எழுதாமல் இருப்பது. "ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஹைட்ரஜன் தருகிறது" என்பது உண்மை. ஆனால் நொதி உருவத்தில் மிகப் பெரியது. மின்வாயின் ஒரு சதுர சென்டிமீட்டரில் கொஞ்சம்தான் அடங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நாள்பட உழைக்காது என்பதும், ஆக்சிஜன் பட்டால் இரட்டை இரும்பு வகை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதும் நீங்கள் எழுதுவதில் இருக்க வேண்டும்.

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் பற்றிச் சுருக்கமாக. உயிர் அறிவியல் தாளில் மூன்றாம் பகுதியின் 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும். சரியென்றால் 4 மதிப்பெண், தவறென்றால் 1 மதிப்பெண் போய்விடும். முதல் முறை நான் கைக்கு வந்ததையெல்லாம் தொட்டேன், தேறவில்லை. இரண்டாம் முறை தேர்ந்தெடுத்து எழுதித் தேறினேன். ஹைட்ரஜனேஸ் என்ற சொல்லே தாளில் இல்லை. ஆனால் ஆக்சிஜனேற்ற ஒடுக்கக் கணக்குகளும் நொதி வேகவியலும் அந்த எலக்ட்ரானோடு நடந்த பழக்கத்தால் தடையின்றி வந்தன.

பிறகு பிஎச்.டி. நேர்காணலில் கேட்டார்கள்: "சில நிக்கல்-இரும்பு ஹைட்ரஜனேஸ்கள் காற்றிலும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?" பலகைக்குப் போய் வரைந்தேன். வினை மையத்துக்கு அருகிலுள்ள இரும்பு-கந்தகக் கொத்தில் வழக்கமாக நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் இருக்கும். அதை நொதியின் நான்கு சிஸ்டீன்கள் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) பிடித்திருக்கும். காற்றைத் தாங்கும் வகையில் கந்தகம் மூன்று, சிஸ்டீன் ஆறு. அந்தக் கொத்து கூடுதல் எலக்ட்ரானைக் கொடுக்கும். தாக்க வந்த ஆக்சிஜன் நீராகிப் போய்விடும். நீங்களும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, சிஸ்டீன்களை எண்ணிப் பாருங்கள்.